எடைக்கருவி அறியாத கணக்கு

“ஆறு மாதமாக நடந்தும் ஒரு கிலோகூடக் குறையவில்லை, பிறகு நடந்து என்ன பயன்?” நீரிழிவு மருத்துவமனைகளின் காத்திருப்பு அறைகளிலும், கல்லூரி ஆசிரியர்களின் ஓய்வறைகளிலும், ஆய்வு மாணவர் விடுதிகளிலும் இக்கேள்வி ஏதேனும் ஒரு வடிவில் நாள்தோறும் ஒலிக்கிறது. பட்டறிவிலிருந்து பிறந்த சொல்லைப் போலத் தோன்றினாலும் உண்மையில் இது ஓர் அளவைப் பிழை. காய்ச்சல்காரரைத் தராசில் ஏற்றிப் பார்த்துவிட்டு, எடை மாறவில்லை, ஆகவே காய்ச்சல் தணியவில்லை என்று முடிவு கூறுவதற்கு ஒப்பானது. இப்பிழை நோயாளியுடையதன்று. அவருக்கு அதைக் கற்பித்த மருத்துவ உரையாடலும், அவ்வுரையாடலைக் கேள்விக்கு உட்படுத்தாத கல்விப்புலமுமே அதற்குப் பொறுப்பு.

உடற்பயிற்சி என்றால் எடைக்குறைப்பு என்று பொருள்கொள்ளும் வழக்கம் இந்தியாவில் ஆழ வேரூன்றிவிட்டது. மருத்துவர் “எடையைக் குறையுங்கள், நடங்கள்” என்று ஒரே மூச்சில் சொல்கிறார்; கேட்பவர் இரண்டாவதை முதலாவதற்கான கருவியாக மட்டும் எடுத்துக்கொள்கிறார். கருவி பலன் தராதபோது அதை எறிந்துவிடுவது இயல்பே. ஆனால் எலும்புத்தசை சுருங்கும்போது அதன் உயிரணுவுக்குள் நிகழும் மாற்றமும், அதன்பின் பல மணி நேரம் இன்சுலினுக்கு அவ்வுயிரணு காட்டும் கூர்மையான எதிர்வினையும் எடை என்னும் எண்ணில் பதிவாவதில்லை. ஒரு நூற்றாண்டு ஆய்வுகள் சொல்லும் இச்செய்தி வகுப்பறைப் படமாக நின்றுவிட்டது. மருந்துச்சீட்டுக்கும் பல்கலைக்கழகக் கால அட்டவணைக்கும் அது வந்து சேரவே இல்லை.

1922ஆம் ஆண்டு சனவரியில் டொராண்டோவில் முதன்முறையாக நீரிழிவு நோயாளி ஒருவருக்கு இன்சுலின் செலுத்தப்பட்டது. அடுத்த நான்கே ஆண்டுகளில், இலண்டனைச் சேர்ந்த மருத்துவர் ஆர். டி. லாரன்ஸ், உடலுழைப்பு இன்சுலினின் ஆற்றலைப் பெருக்குகிறது என்பதைக் காட்டிக் கட்டுரை எழுதினார். அவரே நீரிழிவு நோயாளி. இன்சுலினால் உயிர் பிழைத்தவர். 1936இல் ஹரால்டு ஹிம்ஸ்வொர்த், நீரிழிவு நோயாளிகளில் இன்சுலினுக்கு இணங்குவோர், இணங்காதோர் என இரு வகையினர் உள்ளனர் என்று பிரித்துக் காட்டினார். உடலில் இன்சுலின் இருந்தும் உயிரணு அதற்குச் செவிசாய்க்காத நிலை உண்டு என்னும் கருத்துக்கு அன்றே அடித்தளம் இடப்பட்டது. இவ்விரு செய்திகளையும் அருகருகே வைத்துப் பார்த்தால் எழவேண்டிய கேள்வி எளிமையானது: இன்சுலினுக்குச் செவிசாய்க்காத உயிரணுவை உழைப்பு மீண்டும் செவிசாய்க்க வைக்குமா? வைக்கும் என்பதே பின்வந்த ஆய்வுகளின் விடை.

விடையைப் புரிந்துகொள்ள, தசை உயிரணுவின் வாயிலுக்குச் செல்ல வேண்டும். உணவுக்குப் பின் இன்சுலின் உயரும்போது எலும்புத்தசையே குளூக்கோஸின் மிகப் பெரிய சேமிப்புக்கிடங்குகளுள் ஒன்றாகிறது. ஆயினும் குளூக்கோஸ் தானாக உயிரணுச் சவ்வைக் கடந்து உள்ளே செல்வதில்லை. குளூட்-4 என்னும் கடத்திப் புரதம் அதை உள்ளே கொண்டுசெல்ல வேண்டும். ஓய்வுநிலையில் இப்புரதம் உயிரணுவின் உட்புறத்தில் நுண்பைகளுக்குள் அடங்கிக் கிடக்கிறது. இன்சுலின் தன் ஏற்பியில் அமர்ந்ததும், ஐ.ஆர்.எஸ்-1, பி.ஐ.3 கைனேஸ், ஏ.கே.டி எனப் புரதங்கள் ஒன்றையொன்று தூண்டும் ஒரு தொடர் இயங்குகிறது. இறுதியில் ஏ.எஸ்.160 என்னும் தடுப்புப் புரதம் தளர்கிறது; நுண்பைகள் சவ்வை நோக்கி நகர்கின்றன; வாயில் திறக்கிறது. இத்தொடரின் தொடக்கக் கண்ணிகள் பழுதடைவதே இன்சுலின் எதிர்ப்பு நிலையின் முதன்மைக் கூறுகளுள் ஒன்று. இன்சுலின் வாசலில் நின்று தட்டுகிறது. உள்ளே செய்தி சென்று சேர்வதில்லை. கணையம் மேலும் மேலும் இன்சுலினைச் சுரந்து தட்டலை வலுப்படுத்துகிறது. கணையத்தின் வலு ஓயும் நாளில் நீரிழிவு வெளிப்படுகிறது.

இவ்வாயிலைத் திறக்க இன்சுலின் மட்டுமே சாவியன்று. தசை சுருங்கும்போது உயிரணுவுக்குள் கால்சியம் பாய்கிறது, ஏ.டி.பி. செலவாவதால் ஆற்றல் குறைந்திருப்பதை ஏ.எம்.பி. கைனேஸ் உணர்கிறது, இழை இழுபடும் இயந்திர விசையும் ஒரு செய்தியாகிறது. இவை இன்சுலின் ஏற்பியையும் ஐ.ஆர்.எஸ்-1ஐயும் நாடாமலேயே குளூட்-4ஐச் சவ்வுக்கு அழைத்து வருகின்றன. 1999இல் வெளிவந்த ஓர் ஆய்வில், இரண்டாம் வகை நீரிழிவு உள்ளவர்களை மிதிவண்டி மிதிக்கச் செய்து தசைத் திசுவை எடுத்துப் பார்த்தபோது, நோயற்றவர்களிடம் நிகழ்வது போலவே அவர்களிடமும் குளூட்-4 சவ்வுக்கு நகர்ந்திருந்தது. இன்சுலினுக்குத் திறக்காத அதே உயிரணு உழைப்புக்குத் திறந்தது. நீரிழிவைப் பற்றி நோயாளிக்குச் சொல்லத்தக்க செய்திகளில் இதைவிட நம்பிக்கையூட்டுவது அரிது. ஆயினும் நோயாளிகளுக்கு வழங்கப்படும் துண்டறிக்கைகள் பெரும்பாலும் அரிசியையும் இனிப்பையும் எடையையும் பற்றியே பேசுகின்றன.

உழைப்பு நின்ற பிறகும் அதன் வேலை நிற்பதில்லை. இதற்கு மறுக்கவியலாத சான்று, கோபன்ஹேகனில் எரிக் ரிக்டரும் சகாக்களும் 1980களின் இறுதியில் நடத்திய ஒற்றைக்கால் ஆய்வு. ஆய்வுக்கு உட்பட்டவர் ஒரு காலால் மட்டும் பயிற்சி செய்தார். மறுகால் ஓய்வில் இருந்தது. சில மணி நேரம் கழித்து இன்சுலின் செலுத்தி இரு கால்களும் குளூக்கோஸை ஏற்கும் அளவை ஒப்பிட்டனர். பயிற்சி செய்த கால் கூடுதலாக ஏற்றது. ஓய்ந்திருந்த காலில் அம்மாற்றம் இல்லை. இவ்வாய்வின் தர்க்கத்தைச் சற்று நின்று எண்ணிப் பார்க்க வேண்டும். இரு கால்களுக்கும் உரியவர் ஒரே மனிதர். எடை ஒன்று, மரபணு ஒன்று, உணவு ஒன்று, இரு கால்களிலும் ஓடிய இரத்தமும் அதில் கலந்திருந்த இன்சுலினும் ஒன்று. வேறுபட்டது ஒன்றே: ஒரு தசை வேலை செய்திருந்தது, மற்றொன்று செய்யவில்லை. எடை குறைந்தால்தான் இன்சுலின் வேலை செய்யும் என்போர், அந்த ஒரு காலின் எடை எப்போது குறைந்தது என்று விளக்கக் கடமைப்பட்டவர்கள்.

மாற்றத்தின் மறுபக்கத்தை 1983இல் வெளியான மற்றோர் ஆய்வு காட்டியது. அமெரிக்காவின் செயின்ட் லூயி நகரில் ஜான் ஹோலோசியின் குழு, நன்கு பயிற்சி பெற்ற எட்டுப் பேரைப் பத்து நாள் பயிற்சியை நிறுத்தச் செய்தது. அவர்களின் எடை மாறவில்லை. கொழுப்பு விகிதம் மாறவில்லை. உச்ச ஆக்சிஜன் ஏற்புத்திறன்கூடக் குறிப்பிடத்தக்க அளவில் மாறவில்லை. ஆனால் குளூக்கோஸ் அருந்தக் கொடுத்தபோது இரத்தத்தில் இன்சுலின் எட்டிய உயர்வு முன்னைப்போல் இரு மடங்காக இருந்தது. அவ்வளவு இன்சுலின் சுரந்தும் சர்க்கரை முன்பைவிட மிகுந்தே நின்றது. பின்னர் ஒரே ஒரு முறை பயிற்சி செய்ததும் நிலை ஏறத்தாழப் பழையபடி திரும்பியது. பத்து நாளில் எடைக்கருவி ஒன்றும் காணவில்லை. உயிரணு அத்தனையையும் கண்டது.

இவ்விரு ஆய்வுகளிலிருந்தும் பெறப்படுவது ஒரு கால அளவு. ஒரு வேளைப் பயிற்சி இன்சுலின் எதிர்வினையில் ஏற்படுத்தும் கூர்மை, பயிற்சியின் தன்மைக்கேற்ப ஏறத்தாழ ஒரு நாள் முதல் மூன்று நாள் வரை நீடித்து மங்குகிறது. இதனால்தான் இரண்டு நாளுக்கு மேல் தொடர்ச்சியாக இடைவெளி விடாதீர்கள் என்று அமெரிக்க நீரிழிவுச் சங்கத்தின் வழிகாட்டுதல் சொல்கிறது. உடற்பயிற்சி வங்கியில் இட்டு வைக்கும் நிரந்தர வைப்புத்தொகை அன்று. அளவும் இடைவெளியும் கொண்ட மருந்து. ஞாயிற்றுக்கிழமை ஒரு நாள் மூச்சிரைக்க ஓடிவிட்டு ஆறு நாள் நாற்காலியில் அமர்பவர், ஒரு வாரத்துக்கான மாத்திரைகளை ஒரே நாளில் விழுங்கியவரைப் போன்றவர். எந்த மருத்துவரும் மாத்திரையை எழுதும்போது வேளையும் நாளும் குறிப்பார். நடையை எழுதும்போது மட்டும் ‘முடிந்தால் நடங்கள்’ என்பதோடு முடித்துக்கொள்வது ஏன்?

ஒரு வேளைப் பயிற்சியின் விளைவு வேறு. தொடர்பயிற்சியால் வரும் உடற்திறன் வேறு. வாரக்கணக்கில் தொடரும் பயிற்சி, தசைக்குள் குளூட்-4 புரதத்தின் மொத்த இருப்பையே உயர்த்துகிறது. இழைகளைச் சுற்றி நுண்குழாய்கள் பெருகுகின்றன, மைட்டோகாண்டிரியா மிகுகின்றன, குளூக்கோஸைக் கிளைகோஜனாக அடுக்கிவைக்கும் நொதிகள் வலுப்பெறுகின்றன. முதலாவது, கதவைச் சில நாள் திறந்து வைப்பது. இரண்டாவது, வீட்டுக்குக் கூடுதல் கதவுகள் வைப்பது. கொழுப்பு குறைந்த அதே வேளையில் தசை கூடினால் எடைக்கருவியின் முள் அசையாது. நோயாளி தோற்றதாக அது அறிவிக்கும். உண்மையில் அவர் வென்றிருப்பார்.

இவ்விடத்தில் வழக்கமாக எழும் மற்றொரு குரல் பரம்பரையைப் பற்றியது. “அப்பாவுக்கு இருந்தது, எனக்கும் வரும்; விதி” என்னும் சரணாகதி படித்தவர்களிடையே ‘மரபணு’ என்னும் நாகரிகப் பெயரில் உலவுகிறது. மரபுவழிச் சாய்வு உண்மை. அதை மறுப்பது அறிவியலன்று. ஆனால் 1996இல் யேல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், நீரிழிவுப் பெற்றோரின் வளர்ந்த பிள்ளைகளிடம், அவர்களுக்கே நோய் வருமுன், ஆறு வாரப் பயிற்சியின் விளைவை அளந்தனர். தசை குளூக்கோஸை உள்ளே ஏற்கும் படிநிலையில் இருந்த குறை சீரடைந்தது. சாய்வு மரபுவழி வருகிறது. அச்சாய்வு எந்த அளவுக்கு வெளிப்படும் என்பதில் தசையின் உழைப்புக்குப் பங்கு உண்டு. விதி என்னும் சொல்லுக்கு ஆய்வகச் சான்று தேடுவோர் வேறு சான்று தேடட்டும்.

எடையை அளவுகோலாகக் கொள்வது உலகில் எங்கும் பிழைதான் என்றாலும், இந்தியாவில் அது இரட்டிப்புப் பிழை. 2004இல் ‘லான்செட்’ இதழில் ஓர் அரிய ஒப்பீடு வெளிவந்தது. புனேயின் சி. எஸ். யாஜ்னிக், பிரிட்டனின் ஜான் யுட்கின் ஆகிய இரு ஆய்வாளர்களின் உடல் நிறைக் குறியீடும் ஒன்றே: 22.3. உடற்கொழுப்போ யுட்கினுக்கு 9.1 விழுக்காடு, யாஜ்னிக்குக்கு 21.2 விழுக்காடு. எடைக்கருவிக்கும் உயரக்கோலுக்கும் ஒன்றாகத் தெரிந்த இரு உடல்கள், உள்ளே முற்றிலும் வேறானவை. குறைந்த தசை, மிகுந்த கொழுப்பு என்னும் இவ்வமைப்பே தெற்காசியர் பலரின் உடலமைப்பு. பிரிட்டனில் வாழும் நடுவயதுத் தெற்காசிய ஆண்களையும் ஐரோப்பிய ஆண்களையும் ஒப்பிட்டு 2013இல் வெளிவந்த கிளாஸ்கோ ஆய்வு, இவ்விரு பிரிவினருக்கும் இடையிலான இன்சுலின் எதிர்ப்பு வேறுபாட்டில் பெரும்பங்கை இதய-நுரையீரல் திறனின் குறைவோடு தொடர்புபடுத்தியது. ஒல்லியான இந்தியரிடம் “உங்களுக்கு எடை சரியாக இருக்கிறது, கவலை இல்லை” என்று கூறும் ஒவ்வொரு மருத்துவ ஆலோசனையும் பொய்ச் சான்றிதழ் வழங்கும் செயலாக முடியக்கூடும்.

இந்திய மண்ணிலேயே கிடைத்த சான்றுகளும் இதையே சொல்கின்றன. சென்னையில் ஏ. ராமச்சந்திரன் தலைமையில் நடைபெற்று 2006இல் வெளியான இந்திய நீரிழிவுத் தடுப்புத் திட்டத்தில், நீரிழிவுக்கு முந்தைய நிலையில் இருந்த 531 பேர் நான்கு குழுக்களாகப் பிரிக்கப்பட்டனர். மூன்றாண்டு முடிவில், பொதுவான அறிவுரை மட்டும் பெற்ற குழுவில் 55 விழுக்காட்டினர் நீரிழிவுக்கு ஆளாயினர். நடையும் உணவு மாற்றமும் மேற்கொண்ட குழுவில் அது 39.3 விழுக்காடு. மெட்ஃபார்மின் மாத்திரை பெற்ற குழுவில் 40.5. கவனிக்க வேண்டியது, வாழ்முறை மாற்றக் குழுவின் எடை குறிப்பிடத்தக்க அளவில் குறையவில்லை என்பது. நடையும் உணவும் சேர்ந்தே அங்குப் பணியாற்றின. பலன் முழுவதையும் நடையின் கணக்கில் எழுதுவது நேர்மையன்று. ஆயினும் எடை குறையாமலே நோய் தடுக்கப்பட்டது என்னும் முடிவு உறுதியானது. 2008இல் தில்லியில் அனூப் மிஸ்ராவும் சகாக்களும் நீரிழிவு உள்ள 30 பேருக்குப் பன்னிரண்டு வாரம் எடைதூக்கும் தசைவலுப் பயிற்சி அளித்தபோதும் இன்சுலின் எதிர்வினை மேம்பட்டது. உடல் நிறைக் குறியீட்டில் குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை. எடையை நம்பியிருந்தால் அம்முப்பது பேரும் தங்கள் பன்னிரண்டு வாரத்தை வீண் என்றே முடிவுகட்டியிருப்பர்.

எதிர்வாதத்தின் வலுவான வடிவத்தையும் இங்கு எதிர்கொள்ள வேண்டும். எடைக்குறைப்பு பயனற்றது என்பது இவ்வாதத்தின் பொருளன்று. பிரிட்டனில் நடந்த ‘டைரக்ட்’ ஆய்வில், மிகக் குறைந்த கலோரி உணவால் எடையைப் பெருமளவு குறைத்த குழுவில் 46 விழுக்காட்டினர் ஓராண்டு முடிவில் மருந்தின்றியே நீரிழிவு வரம்புக்குக் கீழ் வந்தனர். ஒப்பீட்டுக் குழுவில் அது 4 விழுக்காடே. கல்லீரலிலும் கணையத்திலும் படிந்த கொழுப்பைக் கரைப்பதில் எடைக்குறைப்புக்கு நிகர் அரிது. அமெரிக்க நீரிழிவுத் தடுப்பு ஆய்விலும், வாழ்முறைக் குழுவில் நோயாபத்து 58 விழுக்காடு குறைந்ததற்கு எடைக்குறைப்பே முதன்மைக் காரணமாகக் கணிக்கப்பட்டது. ஆனால் அதே ஆய்வின் மறுபகுப்பாய்வு, எடை இலக்கை எட்டாதவர்களுள் உடற்பயிற்சி இலக்கை எட்டியவர்களுக்கு நோய் ஏற்படும் விகிதம் 44 விழுக்காடு குறைவாக இருந்ததைக் காட்டியது. முதல் எண்ணை எல்லா மேடைகளிலும் கேட்கலாம். இரண்டாவது எண்ணைச் சொல்வோர் மிகச் சிலர். கொழுப்பு மிகுந்தவருக்கு எடையைக் குறைப்பதும் தசையை உழைக்க வைப்பதும் இரு வேறு மருந்துகள். ஒன்று பலிக்காததால் மற்றொன்றை நிறுத்துவது, இரத்த அழுத்த மாத்திரை சர்க்கரையைக் குறைக்கவில்லை என்று அதை வீசி எறிவதைப் போன்றது.

இப்பிழையின் விலை சிறிதன்று. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் நாடு தழுவிய ஆய்வு 2023இல் வெளியிட்ட கணக்கின்படி இந்தியாவில் நீரிழிவு உள்ளோர் 10.1 கோடி, அதன் வாசலில் நிற்போர் 13.6 கோடி. இதே ஆய்வின் முதற்கட்டம் 2014இல் வெளியானபோது, ஆய்வுக்கு உட்பட்ட பகுதிகளில் பாதிக்கு மேற்பட்டோர் உடலியக்கம் அற்றவர்கள் என்றும், ஓய்வுநேரப் பயிற்சி செய்வோர் பத்து விழுக்காட்டுக்கும் குறைவு என்றும் தெரியவந்தது. உலக சுகாதார நிறுவனம் 2024இல் வெளியிட்ட மதிப்பீட்டில் இந்தியப் பெண்களுள் 57 விழுக்காட்டினரும் ஆண்களுள் 42 விழுக்காட்டினரும் போதிய உடலியக்கம் இல்லாதவர்கள். பெண்களின் எண்ணிக்கை மிகுந்திருப்பதைச் சோம்பல் என்னும் ஒழுக்கச் சொல்லால் விளக்க முயல்வோர் வீட்டு வேலையின் சுமையையும் வீதியின் அச்சத்தையும் அறியாதவர்கள். நாள் முழுதும் நின்று சமைத்துக் களைத்த உடல் வேறு. தசைக்குப் போதிய விசை கிடைத்த உடல் வேறு.

அறிவுரை மட்டும் போதும் என்னும் நிலைப்பாடு இங்குதான் உடைகிறது. இரண்டு நாளுக்கு ஒருமுறையேனும் புதுப்பிக்கப்பட வேண்டிய மருந்து என்றால், அதை உட்கொள்ள நேரமும் இடமும் வேண்டும். நேரத்தையும் இடத்தையும் பகிர்ந்தளிப்பவை நிறுவனங்கள்; தனிமனித மனவுறுதி அன்று. நடைபாதை இல்லாத தெருவில் வாழும் தொழிலாளியிடமும், இருட்டிய பின் பூங்காவுக்குச் செல்ல அஞ்சும் பெண்ணிடமும் மனவுறுதியைப் பற்றிச் சொற்பொழிவாற்றுவது மருத்துவமன்று. பழியை இடம் மாற்றுவது. வளமிக்க மாநிலங்களின் நகரங்களில் நீரிழிவு இன்று ஏழைகளிடையே மிகுந்துவருகிறது என்பதை அதே இந்திய ஆய்வின் 2017 அறிக்கை காட்டியிருக்கிறது. ‘பணக்காரர் நோய்’ என்னும் பழைய பெயர் இனிப் பொருந்தாது.

கல்விப்புலம் இக்குற்றச்சாட்டிலிருந்து தப்ப இயலாது. உயிர்வேதியியல் வகுப்பில் குளூட்-4இன் பயணத்தை அம்புக்குறிகளுடன் வரையும் ஆசிரியர், அவ்வகுப்பையே மூன்று மணி நேரம் இடைவெளியின்றி நடத்துகிறார். ஆய்வு மாணவரின் அர்ப்பணிப்பு அவர் நாற்காலியில் கழித்த மணிகளால் அளக்கப்படுகிறது. மாலையில் விளையாட்டுத் திடலுக்குச் செல்லும் மாணவர் ‘தீவிரம் அற்றவர்’ என்று பெயரெடுக்கிறார். திடல்கள் வாகன நிறுத்தங்களாகவும் புதுக் கட்டடங்களாகவும் மாறுகின்றன. எஞ்சியவை பல்கலைக்கழக அணி வீரர்களுக்கு மட்டும் திறக்கின்றன. விளையாட்டு என்பது பதக்கம் பெறக்கூடிய சிலரின் உரிமை, மற்றவர்களுக்கு அது கவனச்சிதறல் என்னும் எண்ணம் பாடத்திட்டத்தில் எழுதப்படாத விதியாக நிலைத்துவிட்டது.

பெண்கள் விடுதியின் பூட்டு இக்கணக்கில் சேராத ஒன்று என்று எண்ணுவோரும் உண்டு. 2015இல் தில்லியில் தொடங்கிய ‘பிஞ்ச்ரா தோட்’ இயக்கம் விடுதி நேரக் கட்டுப்பாடுகளை எதிர்த்தபோது, அது சுதந்திரத்தின் கேள்வியாகவே விவாதிக்கப்பட்டது, அது சரியே. ஆனால் ஆய்வகம் முடிந்து மாணவி வெளியே வரும் நேரத்தில் திடல் ஆண்களுடையதாகவும் விடுதிக் கதவு அடைபடுவதாகவும் இருந்தால், அவர் தசைக்கு அன்றைய வேளை மருந்து மறுக்கப்படுகிறது. நடமாடும் உரிமை வளர்சிதைமாற்றத்தின் கேள்வியும்கூட.

நீண்ட அமர்வின் தீமையைக் குறைக்கப் பெரும் செலவு தேவையில்லை என்பதற்கும் சான்று இருக்கிறது. 2012இல் ஆஸ்திரேலியாவில் டேவிட் டன்ஸ்டனும் சகாக்களும், எடை மிகுந்த 19 பேரை இனிப்பும் கொழுப்பும் கலந்த பானம் அருந்தச் செய்து ஐந்து மணி நேரம் அமர வைத்தனர். மற்றொரு நாள், இருபது நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டு நிமிடம் நடக்கச் செய்தனர். நடந்த நாளில் உணவுக்குப் பின் உயரும் சர்க்கரையும் இன்சுலினும் ஏறத்தாழக் கால் பங்கு குறைந்தன. இவ்வாய்வைப் படித்துக் காட்டும் கருத்தரங்குகூட இரண்டு மணி நேரம் எவரையும் எழவிடாமல் நடைபெறும் என்பதே இன்றைய நிலை.

அரங்கம் காலியாக இருக்கும்போது சந்தை அதில் நுழையும், நுழைந்துவிட்டது. ‘தொண்ணூறு நாளில் சர்க்கரையை விரட்டுவோம்’ என்னும் விளம்பரங்களும், புரதப்பொடி விற்பனையும், நோயற்றவரின் கையிலும் ஒட்டப்படும் சர்க்கரை உணரிகளும் அறிவியலின் பெயரைச் சொல்லியே வருகின்றன. அவையும் ‘முன்பு-பின்பு’ படங்களையும் குறைந்த கிலோக்களையுமே வெற்றிக்கு அடையாளமாகக் காட்டுகின்றன. எடைக்கருவியின் ஆட்சியை மருத்துவர் தொடங்கி வைத்தார். வணிகர் அதை அறுவடை செய்கிறார்.

மாற்றாகச் செய்ய வேண்டியவை தெளிவானவை. நீரிழிவு ஆலோசனையில் எடையோடு உடற்திறனும் அளக்கப்பட வேண்டும். ஆறு நிமிடத்தில் ஒருவர் நடக்கும் தொலைவு, நாற்காலியிலிருந்து கையூன்றாமல் எழும் எண்ணிக்கை, கைப்பிடி வலு ஆகியவற்றை அளக்க விலையுயர்ந்த கருவி தேவையில்லை. மருந்துச்சீட்டில் நடைக்கும் தசைவலுப் பயிற்சிக்கும் நாளும் நேரமும் எழுதப்பட வேண்டும்: வாரத்துக்கு 150 நிமிட மிதமான பயிற்சி, இரண்டு அல்லது மூன்று நாள் தசைவலுப் பயிற்சி, இரண்டு நாளுக்கு மேல் விடாத இடைவெளி. இன்சுலினோ சல்ஃபோனைல்யூரியா வகை மாத்திரையோ எடுப்பவருக்குப் பயிற்சியின்போது சர்க்கரை மிகவும் தாழக்கூடும். பாதப் புண்ணும் விழித்திரைப் பாதிப்பும் உள்ளவருக்குப் பயிற்சியின் வகை மாற வேண்டும். ஆகவே எழுதுபவர் மருத்துவராக இருக்க வேண்டும். மருந்தைத் தானாக நிறுத்தும் துணிச்சலுக்கு இக்கட்டுரையின் எந்த வரியும் ஆதரவன்று.

பல்கலைக்கழகங்களில் வகுப்பும் கருத்தரங்கும் ஐம்பது நிமிடத்துக்கு மேல் இடைவெளியின்றித் தொடரக் கூடாது. திடல்கள் அணிகளுக்கு மட்டுமன்றி அனைவருக்கும், இருட்டிய பின்னும் வெளிச்சத்தோடும் பாதுகாப்போடும் பெண்களுக்கும் திறக்க வேண்டும். ஆய்வு மாணவரின் பணிநேரத்துக்கு வரம்பு வேண்டும். எந்தத் திடலிலும் கட்டடம் எழுமுன், அத்திடலைப் பயன்படுத்துவோர் எத்தனை பேர் என்னும் கணக்கு ஆட்சிக்குழுவின் முன் வைக்கப்பட வேண்டும். இவற்றுள் எதற்கும் புதிய கண்டுபிடிப்பு தேவையில்லை. நூறாண்டுக்கு முன் லாரன்ஸ் எழுதியதைப் படித்துப் பொருள்கொண்டாலே போதும்.

எடை குறையாமல் ஆறு மாதம் நடந்தவரின் தசையில் குளூட்-4 பெருகியிருக்கக்கூடும். அவர் கணையத்தின் சுமை இறங்கியிருக்கக்கூடும். அவரிடம் “வீண்” என்று சொல்லி அவரை நாற்காலிக்குத் திருப்பி அனுப்பும் உரிமை எந்த மருத்துவருக்கும், எந்த ஆசிரியருக்கும், எந்தக் கருவிக்கும் இல்லை.